சோக் கேபிள் சுட்ட காலை: பழைய காரின் எர்த் இணைப்புகளைச் சரிசெய்த பதிவு

காலையில் வண்டி எடுக்கும்போது ஒரு கையால் சோக் குமிழை (குளிர்ந்த எஞ்சின் கிளம்ப கார்புரேட்டரில் காற்றைக் குறைக்கும் குமிழ்) இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாவியைத் திருப்புவது என் வழக்கம். அன்றைக்கு செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது, எஞ்சின் கிளம்பவில்லை. நான்காவது முறை திருப்பியபோது குமிழ் பிடித்திருந்த விரல்கள் சுட்டன. பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் கருகும் வாசம். கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிளின் மேலுறை ஓரிடத்தில் இளகித் தொங்கிக்கொண்டிருந்தது.

சோக் கேபிளில் கரண்ட் ஓட வேண்டிய வேலையே கிடையாது. அது வெறும் இழுகம்பி. அது சுடுகிறது என்றால் வேறு வழி அடைபட்ட கரண்ட் அதன் வழியாகப் போகிறது என்று அர்த்தம். அந்த ஒரு நொடியில்தான் கடந்த சில மாதங்களாக நடந்ததெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து புரிந்தது.

சில மாதங்களாகவே செல்ஃப் சோர்ந்துதான் சுற்றியது. ஒரு நாள் சுறுசுறுப்பு, மறுநாள் இழுவை. முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டுப் புதிது மாற்றினேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதை. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினேன். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான். இதற்கிடையே ஹெட்லைட் ஒரு பக்கம் மங்கல். பிரேக்கை மிதித்துக்கொண்டு இன்டிகேட்டர் போட்டால் பின்னால் விளக்குகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் துடிக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனி நோயாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: எர்த்.

பழைய கார்களில் ஒவ்வொரு விளக்குக்கும் மோட்டாருக்கும் பிளஸ் பக்கம் ஒரு ஒயர் போகும். திரும்பி வரும் வழிக்கு ஒயர் இருக்காது, இருந்தாலும் ஒரு சாண் நீளம்தான். மீதி வழி முழுக்க வண்டியின் உடம்புத் தகடுதான். பல்ப் எரிந்த கரண்ட் அந்தத் தகட்டில் இறங்கி, தகடு வழியாகவே பேட்டரியின் மைனஸுக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் வழிதான் எர்த். தகடு எங்கும் போய்விடாது. ஆனால் ஒயரின் லக் (நுனியில் மாட்டிய உலோக வளையம்) தகட்டைத் தொடும் இடம், இரண்டு தகடுகள் போல்ட்டில் சேரும் இடம், எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் பட்டை ஆகிய மூன்றும் வருடக்கணக்கில் ஈரத்தையும் உப்பையும் எண்ணெயையும் வாங்கிக்கொண்டிருக்கின்றன. இரும்பில் துரு, செம்பில் பச்சைக் களிம்பு, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. மூன்றுமே கரண்டுக்குத் தடை.

எஞ்சின் விஷயம் இன்னும் முக்கியம். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் கரண்டைக் கடத்தாது. செல்ஃப் மோட்டாரின் எர்த் அதன் உடம்புதான், அந்த உடம்பு எஞ்சினோடு பூட்டப்பட்டிருக்கிறது. எனவே எஞ்சினையும் பாடியையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். சில கார்களில் பேட்டரி மைனஸ் நேராக எஞ்சினுக்கே போகும், அங்கிருந்து சின்ன ஒயர் ஒன்று பாடிக்கு வரும். என் வண்டியில் மைனஸ் முதலில் பாடிக்கு வருகிறது, பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் பட்டை. அந்தப் பட்டை போய்விட்டால் செல்ஃபுக்குத் தேவையான நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் எஞ்சினிலிருந்து பாடிக்கு வர வேறு உலோகத்தைத் தேடும். சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று எது கிடைக்கிறதோ அதில் ஏறிக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் உருகிச் சிக்கிக்கொண்டால் ஓடும் வண்டியில் என்ன ஆகும் என்று யோசித்தால் இது சும்மா செல்ஃப் பிரச்சினை இல்லை என்பது தெரியும்.

சந்தேகத்தை உறுதி செய்ய முதலில் செய்தது இரண்டு நிமிட வேலை. ஜம்ப் ஸ்டார்ட் கேபிளில் ஒன்றை எடுத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத ஒரு பிராக்கெட்டிலும் கவ்வ வைத்தேன். அதாவது எஞ்சினுக்குத் தற்காலிகமாக ஒரு நல்ல எர்த். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் புது வண்டி மாதிரிச் சுற்றியது. செல்ஃப் சோர்வாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் பேட்டரி வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் அளவெடுப்பு. இந்த வேலையில் பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான், நானும் பல வருடம் தவறினேன். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை மைனஸிலும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்துப் பார்ப்போம். பீப் அடிக்கும், பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும், "எர்த் நன்றாகத்தானே இருக்கிறது" என்று மூடிவிடுவோம். மீட்டர் அப்போது அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். பட்டையில் இருக்கும் நூற்றுக்கணக்கான இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் அந்தக் கரண்ட் தாராளமாகப் போகும். செல்ஃப் கேட்கும் கரண்டுக்கு அந்த ஒரு இழை எந்த மூலைக்கு? தவிர, இங்கே பிரச்சினை செய்யும் தடை ஓமில் நூறில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு அளவில் இருக்கும். மீட்டரின் சொந்த ஒயர்களின் தடையே அதைவிடப் பல மடங்கு அதிகம்.

அதனால் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் இழப்பை அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, இழப்பு இருக்கிறதா என்று சந்தேகப்படும் இணைப்பின் இரண்டு பக்கமும் முனைகளை வைத்து, செல்ஃபை அடிக்கச் சொல்ல வேண்டும். நல்ல இணைப்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ், எனவே மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் அந்த இணைப்பு விழுங்கும் வோல்டேஜ்.

வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சின் கிளம்பாமலிருக்க இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றி வைத்தேன். அக்கா மகன் டிரைவர் சீட்டில்.

"மாமா, திருப்பட்டுமா?"

"திருப்பு. நான் போதும்னதும் விட்டுடணும்."

ஒவ்வொரு முறையும் ஐந்து நொடிக்கு மேல் அடிக்கவில்லை, நடுவில் செல்ஃப் ஆறவும் விட்டோம். முதல் அளவு, பேட்டரி மைனஸ் தூணிலிருந்து எஞ்சின் பிளாக் வரை: 2.25 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினாலே நான் கழற்றிப் பார்ப்பேன். நல்ல வண்டியில் 0.2 வோல்ட்டை ஒட்டி இருக்கும். இந்த 2.25 எங்கே போகிறது என்று துண்டு துண்டாகப் பார்த்தோம். பேட்டரி தூணுக்கும் அதன் மேல் மாட்டிய கிளாம்ப்புக்கும் நடுவே 0.08. கிளாம்ப்பிலிருந்து பாடித் தகடு வரை 0.24. பாடியிலிருந்து எஞ்சினுக்கு 1.93. கூட்டிப் பார்த்தால் முதல் அளவோடு சரியாகப் பொருந்தியது.

தூணில் அளக்கும்போது மீட்டர் முனையைத் தூணின் ஈயத்திலேயே வைக்க வேண்டும், கிளாம்ப்பில் இல்லை. அவசரத்தில் எல்லாரும் கிளாம்ப்பைத்தான் தொடுவோம். அப்படித் தொட்டால் தூணுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே ஒளிந்திருக்கும் இழப்பு கணக்கிலேயே வராது.

பிளஸ் பக்கத்தையும் அளந்தேன், 0.31 வோல்ட், பரவாயில்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 10.3 வோல்ட் இருந்தது. இரண்டு பக்க இழப்பும் போக செல்ஃப் மோட்டாருக்குக் கிடைத்தது 7.74 வோல்ட். இழுத்து இழுத்துச் சுற்றாமல் வேறென்ன செய்யும்? செல்ஃப் 130 ஆம்பியர் இழுத்தது என்று வைத்துக்கொண்டால், அந்த 1.93 வோல்ட் இழப்பு என்பது சுமார் 250 வாட் சூடு. அந்தச் சூட்டில் ஒரு பங்குதான் சோக் கேபிளில் என் விரலைச் சுட்டது.

பழுதுக்கு இறங்கும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும், எர்த் பக்கம் முதலில். பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பக்கத்துத் தகட்டில் பட்டால் நேரடி ஷார்ட். எர்த்தை முதலில் எடுத்துவிட்டால் ஸ்பேனர் தகட்டில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது எர்த் கடைசி. மோதிரம், கைக்கடிகாரம், உலோக வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். 1960கள் வரை வந்த சில கார்களில், முக்கியமாக பிரிட்டிஷ் கார்களில், பிளஸ்தான் பாடியோடு இணைந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியென்றால் முதலில் கழற்ற வேண்டியது பிளஸ். அதனால் நிறத்தை நம்பாமல், எந்த ஒயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே கழற்றுங்கள்.

வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, அடியில் போய்ப் பார்த்தபோது பட்டை இருக்கும் இடமே தெரியவில்லை. எண்ணெயும் மண்ணும் கலந்து ஒரு கருப்புக் கட்டி. சுரண்டி எடுத்தபின், பின்னலில் பாதிக்கு மேல் இழைகள் அறுந்திருந்தன. மீதியும் பச்சை ஏறி, மடக்கினால் பிஸ்கட் போல் ஒடிந்தது. கியர்பாக்ஸ் பக்கம் அலுமினிய உடம்பில் வெள்ளைப் பொடி. பாடி பக்கத்தைப் பார்த்தபோதுதான் மனசு கஷ்டப்பட்டது. சில வருடம் முன்பு அடிப்பக்கத்துக்குத் துருத் தடுப்புக் கருப்புப் பூச்சு அடிக்கக் கொடுத்திருந்தேன். பட்டையைக் கழற்றி, தகட்டில் பூச்சை அடித்து, அந்தப் பூச்சின் மேலேயே லக்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். இத்தனை நாள் கரண்ட் போனது போல்ட்டின் மரைகள் வழியாக மட்டும்தான். பெயின்ட் வேலை, வெல்டிங் வேலை, கியர்பாக்ஸ் இறக்கும் வேலை எது முடிந்து வண்டி வந்தாலும் எர்த் இடங்களை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

புதுப் பட்டை வாங்கும்போது இரண்டு விஷயம் பார்த்தேன். தடிமன் பேட்டரியின் மைனஸ் கேபிளுக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் அதே கரண்ட்தான் இதிலும் ஓடுகிறது. நீளம் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும், ஏனென்றால் எஞ்சின் ரப்பரின் மேல் ஆடும், விறைப்பாக இழுத்துக் கட்டினால் இழைகள் சீக்கிரம் அறும். வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் கிடைத்தால் அதுதான் நல்லது, களிம்பு ஏறுவது குறையும்.

இனி தொடும் இடத்தைச் சுத்தம் செய்வது. இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது, பொறுமையாகச் செய்தேன். லக் உட்காரும் வட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் அகலமாக மட்டும் பூச்சையும் பெயின்ட்டையும் பிரைமரையும் சுரண்டினேன். பிறகு ஒயர் பிரஷ், கடைசியில் எமரித் தாள். சாம்பல் நிறம் வந்தால் போதாது, அது இன்னும் பிரைமராகவோ துருவாகவோ இருக்கலாம். உலோகம் கண்ணாடி போல் மின்ன வேண்டும். லக்கின் அடிப்பக்கத்தையும் அப்படியே தேய்த்தேன். அலுமினியத்தில் தேய்த்த இடம் காற்றுப் பட்டவுடன் மறுபடி படலம் கட்டத் தொடங்கும். அதனால் தேய்த்த கையோடு மெல்லிதாக வாசலின் தடவி உடனே பூட்டினேன். வாசலின் கரண்டைக் கடத்தாதே என்ற கேள்வி வரும். போல்ட்டை முறுக்கும்போது உலோகம் உலோகத்தைத் தொடும் இடங்களில் அது பிதுங்கி விலகிவிடும். இடுக்குகளில் மட்டும் தங்கி, நீர் நுழையாமல் காக்கும்.

நட்சத்திர வாஷரை, அதாவது பல் வாஷரை, எங்கே போடுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் முடிவு இது. செல்ஃப் கரண்ட் போகும் பெரிய இணைப்பில் லக் நேராகச் சுத்தமான தகட்டில் முழுப் பரப்பும் படிய உட்கார வேண்டும், வாஷர் போல்ட் தலைக்கு அடியில். நடுவில் பல் வாஷர் வைத்தால் தொடும் பரப்பு அந்தப் பற்களின் நுனி அளவுக்குச் சுருங்கிவிடும். விளக்கு எர்த் போன்ற சின்ன இணைப்புகளில் லக்குக்கும் தகட்டுக்கும் நடுவே அதைப் போடலாம். பற்கள் தகட்டைக் கடித்துப் பிடிக்கும், தளராது. முறுக்கிய பிறகு வெளிப்பக்கம் முழுக்க பெயின்ட் அடித்தேன். பெயின்ட் எப்போதும் முறுக்கியபின்தான்.

பேட்டரி மைனஸ் கேபிளையும் சும்மா விடவில்லை. கிளாம்ப்பின் வெள்ளைப் படிவைச் சமையல் சோடாக் கரைசலால் கழுவினேன், பேட்டரிக்குள் சொட்டாமல் பார்த்துக்கொண்டேன். கேபிளின் பாடி முனையில் உறையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் உள்ளே நான்கு விரல் நீளத்துக்குச் செம்பு பச்சையாகிக் கிடந்தது. வெளியே உறை புதிது போல் இருந்தது, உள்ளே களிம்பு ஊர்ந்து ஏறியிருக்கிறது. அந்த நீளத்தை வெட்டினால் கேபிள் எட்டாது, எனவே புதிதே செய்தேன். லக்கைப் பற்ற வைக்காமல், தகுந்த கருவியால் அழுத்திப் பூட்டி, மேலே சூடு காட்டினால் சுருங்கும் பசையுள்ள குழாய் போட்டேன். ஈயம் பற்றவைத்தால் அது இழைகளுக்குள் ஊறி, ஊறிய இடம்வரை கேபிள் கட்டையாகிவிடும். அதிர்வில் அந்தக் கட்டை முடியும் இடத்தில்தான் ஒடியும்.

மறுபடி அளவு: தூணிலிருந்து கிளாம்ப் 0.02, பாடி வரை 0.09, பாடியிலிருந்து எஞ்சின் 0.10. மொத்தம் 0.21. செல்ஃபுக்கு இப்போது 9.5 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கிறது. சத்தமே மாறிவிட்டது. அக்கா மகன் சாவியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

சார்ஜிங்கிலும் பலன் தெரிந்தது. ஆல்டர்நேட்டரும் எஞ்சினில்தானே மாட்டியிருக்கிறது, அதன் எர்த்தும் அதே பட்டை வழியாகத்தான். முன்பு ஹெட்லைட் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தால் ஆல்டர்நேட்டரில் 14.3, பேட்டரியில் 13.7 இருக்கும். இப்போது பேட்டரியில் 14.1. பேட்டரி சீக்கிரம் சோர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பின் விளக்குகளுக்கு வருவோம். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் காரணம் எளிது. பிரேக்கின் 21 வாட் இழைக்குத் தன் எர்த் கிடைக்கவில்லை என்றால், கரண்ட் அதே பல்பின் 5 வாட் பார்க் இழை வழியாகப் பின்வாங்கி, பார்க் ஒயரைப் பிடித்து, மற்ற பல்புகள் மூலம் எர்த்தைத் தேடும். பிரேக்கை மிதித்தால் முன்னால் பார்க் விளக்கு மங்கலாக எரிவதெல்லாம் இதனால்தான். என் வண்டியில் விளக்குக் கூடு இரண்டு திருகால் தகட்டில் பிடித்திருக்கிறது, அந்தத் திருகுகள்தான் எர்த். நடுவில் ரப்பர் கேஸ்கட், திருகு முழுக்கத் துரு. திருகைச் சுத்தம் செய்தால் ஒரு வருடம் தாங்கும். அதற்குப் பதில் இரண்டு கூடுகளிலிருந்தும் தனி ஒயர் இழுத்து, டிக்கிக்குள் நனையாத இடத்தில் ஒரே போல்ட்டில் சேர்த்தேன். பிரேக், பார்க், ஒரு பக்க இன்டிகேட்டர் எல்லாம் சேர்ந்தால் 73 வாட், சுமார் 6 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாராளம்.

இடது ஹெட்லைட்டில் எர்த் பக்க இழப்பு 0.9 வோல்ட், வலதில் 0.1. இடது எர்த் திருகு மட்கார்டில் இருந்தது. மட்கார்டு பாடியோடு போல்ட்டில் சேர்வது, அந்தச் சேர்க்கைகள் எல்லாம் துரு. ஒயரைக் கொஞ்சம் நீட்டி உள் தகட்டுக்கு மாற்றினேன். 0.9 வோல்ட் சின்னதாகத் தெரியலாம், ஆனால் பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிட மிக வேகமாக விழும். 12.8 இருக்க வேண்டிய இடத்தில் 11.9 இருந்தால் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இரவில் ஓட்டுபவர்களுக்கு அது பெரிய விஷயம்.

டாஷ்போர்டில் ஒரு சிறிய வேலை. பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் சில நாளாக இரண்டுமே சேர்ந்து மேலே நின்றன. ரேடியேட்டரைத் திறந்து பார்க்கவே தயாராகிவிட்டேன். இரண்டு முள் ஒன்றாகத் தப்புக் காட்டினால் இரண்டுக்கும் பொதுவானதைத்தான் பார்க்க வேண்டும். பழைய மீட்டர்களுக்குப் பின்னால் வோல்டேஜைச் சுமார் 10 வோல்ட்டுக்கு மட்டுப்படுத்தும் சின்ன டப்பா இருக்கும். அதற்கு எர்த் இல்லையென்றால் மட்டுப்படுத்தாமல் முழு 12 வோல்ட்டையும் அனுப்பிவிடும். அதன் திருகைக் கழற்றித் தேய்த்து மாட்டினேன், இரண்டு முள்ளும் இறங்கி வந்தன.

ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் தகட்டையும் உடம்பையும் இணைக்கும் விரலளவுப் பின்னல் ஒயரையும் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. தகடு அசைய அசைய அது உறைக்குள்ளேயே ஒடியக்கூடியது. வந்து வந்து போகும் மிஸ்ஃபயர் (எஞ்சின் இடையிடையே எரியாமல் தவறுவது) இருந்தால் அதை மறக்காதீர்கள்.

எல்லா அளவுகளையும் தேதியோடு வண்டி நோட்டில் எழுதி, டேஷ் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் அதே இடங்களில் அதே போல் அளந்தால் எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வைப்பர் மோட்டாரில் மட்டும் இன்னும் 0.3 வோல்ட் இழப்பு இருக்கிறது. அதன் எர்த் திருகு டாஷ்போர்டுக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில். ஹீட்டர் பெட்டியை இறக்கும் நாளில் அதையும் பார்க்க வேண்டும். சோக் கேபிள் புதிது மாட்டியாகிவிட்டது. முதலில் கழற்றி வைத்த பழைய பேட்டரியைச் சார்ஜ் போட்டுச் சோதித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.